திரையில் அவள் என்ன வேலை செய்கிறாள்?
பெண் விஞ்ஞானிகள் பற்றிய எமது மாணவர்களின் பார்வை

'விஞ்ஞானி' என்ற சொல்லுக்குத் தமிழில் ஆண்பால், பெண்பால் என்ற பிரிப்புக் கிடையாது. மாணவன் - மாணவி, நடிகன் - நடிகை என்பது போல இதற்கு ஓர் இணைச்சொல் இல்லை. தொழிலாளி, விவசாயி, நீதிபதி என்பன போல இருபாலுக்கும் பொதுவான சொல் அது. வினைமுற்றும் காட்டிக்கொடுக்காது. "விஞ்ஞானி ஆய்வுகூடத்துக்கு வந்தார்" என்ற வாக்கியத்தில் வந்தவர் ஆணா, பெண்ணா என்பதற்கு இலக்கணத்தில் ஓர் அடையாளமும் இல்லை. வாசிப்பவரின் மனதில் ஓர் உருவம் எழுகிறதென்றால், அந்த உருவத்தைக் கொடுத்தது மொழியல்ல. அது ஏற்கனவே உள்ளே பதிந்து கிடந்த படம்.

தரம் 9 முதல் 11 வரை தமிழ் கற்பிக்கும் எனக்கு இந்தப் படத்தைப் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்கிறது. 'ஒரு விஞ்ஞானியின் ஒரு நாள்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால், முதற் பந்தியில் பால் தெரியாது. இரண்டாம் பந்தியில் நீண்ட தாடி வந்துவிடும். மூன்றாம் பந்தியில் "அவரது மனைவி தேநீரை மேசையில் வைத்துவிட்டுச் சத்தமின்றிச் சென்றார்" என்று ஒரு வரி வரும். எழுதியது பெரும்பாலும் ஒரு பெண் பிள்ளையாகவே இருக்கும். வகுப்பில் விஞ்ஞானத்துக்கு நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளையாகவும் இருக்கும்.

பத்திரிகைகளும் இதற்குத் துணை செய்கின்றன. சாதித்தவர் பெண்ணாக இருந்தால் 'பெண் விஞ்ஞானி' என்று தலைப்பிடுவோம். 'ஆண் விஞ்ஞானி' என்று எவரும் தலைப்பிட்டதை நான் கண்டதில்லை. அடைமொழி தேவைப்படுபவர் விதிவிலக்கு, தேவைப்படாதவர் விதி என்பதை மாணவர்கள் எவரும் சொல்லிக்கொடுக்காமலே விளங்கிக்கொள்கிறார்கள்.

இந்தப் படம் எங்கிருந்து வருகிறது, அதில் சினிமாவின் பங்கு என்ன, விஞ்ஞானம், தொழினுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கையும் சேர்த்து 'ஸ்டெம்' என்று அழைக்கப்படும் துறைகளை எமது பிள்ளைகள் தெரிவுசெய்யும்போது இது எவ்வாறு குறுக்கே நிற்கிறது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரையச் சொன்னால் எதை வரைகிறார்கள்?

இவ்விடயம் பற்றிய ஆய்வுகள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கின்றன. 1957இல் மானிடவியலாளர் மார்கரெட் மீட், ரோடா மெட்றோவுடன் சேர்ந்து அமெரிக்க உயர்நிலைப் பாடசாலை மாணவர்கள் விஞ்ஞானியைப் பற்றி எழுதிய சுமார் 35,000 கட்டுரைகளை ஆராய்ந்தார். வெள்ளை மேலங்கி அணிந்து, கண்ணாடி போட்டு, ஆய்வுகூடத்தில் தனித்திருக்கும் நடுத்தர வயது அல்லது முதிய ஆண் என்பதே அவற்றில் வெளிப்பட்ட சித்திரம். இதைவிட என்னை யோசிக்க வைத்தது அந்த ஆய்வின் வினாத்தாள். தான் விஞ்ஞானியானால் எத்தகைய விஞ்ஞானியாக இருக்க விரும்புகிறேன் என்று எழுதுமாறு ஆண் பிள்ளைகளிடம் கேட்கப்பட்டது. பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தெரிவும் கொடுக்கப்பட்டது. எத்தகைய விஞ்ஞானியைத் திருமணம் செய்ய விரும்புகிறேன் என்றும் அவர்கள் எழுதலாம். கேள்வி கேட்டவர்களிடமே அந்தப் படம் இருந்திருக்கிறது!

அடுத்து டேவிட் வேட் சேம்பர்ஸ் என்பவரின் ஆய்வு. 1966 முதல் 1977 வரை அவர் ஆரம்ப வகுப்புச் சிறுவர்கள் 4,807 பேரிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னார். முடிவுகள் 1983இல் வெளியாயின. அத்தனை ஓவியங்களிலும் பெண் விஞ்ஞானியை வரைந்தவை 28 மாத்திரமே. அந்த 28ஐயும் வரைந்தவர்கள் சிறுமிகள். ஆண் பிள்ளைகளில் ஒருவர்கூட வரையவில்லை.

பின்னர் நிலைமை மாறியது. 2018இல் டேவிட் மில்லர் குழுவினர் அமெரிக்காவில் ஐந்து தசாப்தங்களாக நடந்த 78 ஆய்வுகளை, 20,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் ஓவியங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 1980களுக்குப் பிந்திய ஆய்வுகளில் சராசரியாக 28 சதவீதமான ஓவியங்கள் பெண் விஞ்ஞானியைக் காட்டின. ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருந்த இடத்திலிருந்து இது பெரும் பாய்ச்சல்தான்.

ஆனால் ஓர் ஆசிரியராக என்னை நிறுத்தி வைப்பது அதே ஆய்விலுள்ள வேறொரு தகவல். ஆறு வயதுச் சிறுமிகளின் ஓவியங்களில் சுமார் 70 சதவீதமானவை பெண் விஞ்ஞானியை வரைந்தவை. பத்து, பதினொரு வயதளவில் இது தலைகீழாகிறது. பதினாறு வயதில் நான்கில் ஒரு பெண் பிள்ளைதான் பெண்ணை வரைகிறாள். அதாவது பிள்ளை இந்தப் படத்தோடு பிறப்பதில்லை. வளர வளரக் கற்றுக்கொள்கிறாள். எமது நாட்டில் பதினாறு வயது என்பது சாதாரண தரப் பரீட்சை முடிந்து, உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு என்று தீர்மானிக்கும் வயது. படம் முழுமையாகப் பதிந்து முடியும் நேரத்தில்தான் நாங்கள் அவளிடம் படிவத்தை நீட்டுகிறோம்.

திரையில் வரும் ஆறு வகைப் பெண்கள்

ஒரு கிராமத்துப் பிள்ளை தன் வாழ்நாளில் ஒரு விஞ்ஞானியை நேரில் காண்பது அரிது. டொக்டரைக் காண்கிறாள், டீச்சரைக் காண்கிறாள், வங்கியில் வேலை செய்பவரைக் காண்கிறாள். விஞ்ஞானியைக் காண்பது பாடப்புத்தகத்திலும் திரையிலும்தான். பாடப்புத்தகத்தில் நியூட்டனும் ஐன்ஸ்டைனும் இருக்கிறார்கள். மேரி கியூரி இருந்தால் ஒரு பெட்டிக்குள் இருக்கிறார். மீதியைத் திரை நிரப்புகிறது.

வியன்னாவைச் சேர்ந்த சமூகவியலாளர் ஏவா ஃபிளிக்கர் 1929 முதல் 1997 வரை வெளியான 60 திரைப்படங்களை ஆராய்ந்து, அவற்றில் வரும் பெண் விஞ்ஞானிகளை ஆறு வகையாகப் பிரித்து 2003இல் எழுதினார். ஒருத்தி முதிர்கன்னி: வேலையைத் தவிர வேறெதுவும் அறியாதவள். கண்ணாடியைக் கழற்றிக் காதலில் விழுந்ததும் அழகியாகிவிடுவாள், ஆனால் வேலையில் பிழை விடத் தொடங்குவாள். இன்னொருத்தி ஆணைப் போல நடந்துகொள்பவள். மூன்றாமவள் அப்பாவி நிபுணி: பட்டம் பெரிது, ஆபத்து வந்தால் நாயகன்தான் காப்பாற்ற வேண்டும். நான்காமவள் சூழ்ச்சிக்காரி. ஐந்தாமவள் பெரிய விஞ்ஞானியின் மகள் அல்லது உதவியாளர். ஆறாமவள் தனித்து நிற்கும் நாயகி: ஆண்களைவிடத் திறமைசாலி, ஆனால் அவளை எவரும் நம்புவதில்லை, அவளுக்கென்று எவரும் இல்லை.

இந்த ஆறு வகையையும் நான் தரம் 11 வகுப்பில் பலகையில் எழுதினேன். எமது பிள்ளைகள் பார்ப்பது பெரும்பாலும் தமிழ்நாட்டுப் படங்களைத்தான். உதாரணம் தேட அவர்களுக்கு நேரம் எடுக்கவில்லை. 2010இல் வந்த 'எந்திரன்' படத்தில் விஞ்ஞானி வசீகரன் ஓர் ஆண், அவருக்குப் போட்டியாக வரும் பேராசிரியர் போராவும் ஓர் ஆண். நாயகி சனா மருத்துவ மாணவி. அவளது படிப்பு கதையில் எதற்குப் பயன்படுகிறது? பரீட்சை மண்டபத்தில் ரோபோ அவளுக்கு விடை சொல்லிக்கொடுக்கும் காட்சிக்கு. 2018இல் வந்த '2.0' படத்தில் வசீகரனுக்கு நிலா என்றொரு உதவியாளர் இருக்கிறாள். அவள் அவரே செய்த ரோபோ. உதவியாளர் என்ற ஐந்தாம் வகையின் உச்சம் இது.

'ஏழாம் அறிவு' (2011) சற்று வித்தியாசமானது. அதில் வரும் சுபா மரபணு ஆராய்ச்சியாளர். கதையை நகர்த்தும் எண்ணமே அவளுடையது. தமிழ்ப் படத்தில் இப்படி ஒரு நாயகி வந்தது நல்ல விடயம் என்று நான் சொன்னபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "அவ விஞ்ஞானி எண்டு சொல்றாங்க டீச்சர். ஆனா பாதிப் படத்துல அவவக் காப்பாத்துறதுதானே வேலை?"

அந்தக் கேள்வியில் ஒரு ஆய்வுக்கட்டுரையின் சாரம் இருக்கிறது. பெண் விஞ்ஞானி திரையில் இருக்கிறாளா என்று எண்ணுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். பிள்ளைகளோ அவள் என்ன வேலை செய்கிறாள் என்று பார்க்கிறார்கள். பட்டத்தைச் சொல்லி வேலையைக் காட்டாவிட்டால் அவர்கள் நம்புவதில்லை. எமது மாணவர்களின் பார்வை பற்றி நான் கண்டறிந்தவற்றுள் முக்கியமானது இதுதான் என்று கருதுகிறேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் இதைச் சோதிக்கலாம். 1993இல் தொடங்கிய 'எக்ஸ் ஃபைல்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் டேனா ஸ்கல்லி என்ற பாத்திரம் மருத்துவம் படித்த புலனாய்வாளர். 2018இல் கீனா டேவிஸ் நிறுவகத்தின் பங்களிப்புடன் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், ஸ்டெம் துறைகளில் பணிபுரியும் பெண்களில் இப்பாத்திரத்தை அறிந்தோரிடம் கேட்டபோது 63 சதவீதமானோர் அவளைத் தமது முன்மாதிரி என்றார்கள். அத்தொடரை வெளியிட்ட நிறுவனமும் அந்த ஆய்வில் பங்கெடுத்தது என்பதை மனதில் வைத்தே இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். என்றாலும் ஸ்கல்லியிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருந்தது. அவள் பிரேத பரிசோதனை செய்வாள், மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவாள், ஆதாரம் எங்கே என்று கேட்பாள். வாரா வாரம் அவள் வேலை செய்வதைப் பார்வையாளர் கண்டார்கள்.

பூரிச் சட்டியும் செவ்வாய்க் கிரகமும்

2019இல் வெளியான 'மிஷன் மங்கள்' என்ற ஹிந்திப் படத்தைப் பல மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவின் மங்கள்யான் விண்கலத்தைச் செவ்வாய்க்கு அனுப்பிய கதை. ஐந்து பெண் விஞ்ஞானிகள் முக்கிய பாத்திரங்களாக வருகிறார்கள். ஆனால் விளம்பரச் சுவரொட்டியில் நாயகனின் முகம் பெரிதாகவும் பெண்களின் முகங்கள் சிறிதாகவும் இருந்தமை அப்போதே விமர்சிக்கப்பட்டது.

படத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சி பூரி பொரிக்கும் காட்சி. எண்ணெய் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டாலும் மிச்சச் சூட்டில் பூரி பொரியும். அதே போல எஞ்சினை விட்டுவிட்டு இயக்கி எரிபொருளை மிச்சப்படுத்தலாம் என்று வித்யா பாலன் ஏற்ற பாத்திரம் விளக்குகிறது. சமையலறை அறிவும் அறிவுதான் என்று சொல்ல வருகிறது படம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு ஆண் பிள்ளை சொன்னான்: "பொம்புளைங்களுக்கு ஐடியா குசினியிலதானே டீச்சர் வரும்." வகுப்பே சிரித்தது. பெண் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

உண்மையில் நடந்தது என்ன? 2013 நவம்பர் 5ஆம் திகதி மங்கள்யானை ஏவிய ரொக்கெட்டுக்கு அதை நேரே செவ்வாய்க்கு அனுப்பும் வலு இருக்கவில்லை. ஆகவே விண்கலம் முதலில் பூமியைச் சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் பூமிக்கு மிக அருகில் வரும் வேளையில் எஞ்சினைச் சிறிது நேரம் இயக்கினார்கள். அந்த இடத்தில் விண்கலத்தின் வேகம் அதிகம். வேகம் அதிகமான இடத்தில் எரிக்கும் எரிபொருளால் பலனும் அதிகம். அதனால் சுற்றுப்பாதை ஒவ்வொரு முறையும் நீண்டு நீண்டு, டிசம்பர் தொடக்கத்தில் பூமியின் பிடியிலிருந்து விடுபட்டது. இடையில் ஒரு முறை எஞ்சின் எதிர்பார்த்த வேகத்தைக் கொடுக்கவில்லை. மேலதிகமாக ஒரு இயக்கத்தைச் செய்து ஈடுகட்டினார்கள். பூரிச் சட்டியில் அடங்காத கணிதம் இது.

அக்குழுவில் பிரதி இயக்கப் பணிப்பாளர்களாக ரித்து கரிதால், நந்தினி ஹரிநாத் ஆகிய பெண்கள் இருந்தார்கள். ரித்து கரிதால் பணியாற்றிய முக்கிய பகுதி விண்கலம் தானாக முடிவெடுக்கும் முறைமை. செவ்வாயருகே சென்ற விண்கலத்துக்குப் பூமியிலிருந்து ஒரு கட்டளை போய்ச்சேரப் பன்னிரண்டு நிமிடமளவில் எடுக்கும். ஏதும் கோளாறு ஏற்பட்டால் கேட்டுச் செய்ய நேரமில்லை. எந்தக் கோளாறு வந்தால் எதைச் செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே யோசித்து விண்கலத்தின் கணினிக்குள் எழுதி வைக்க வேண்டும். 2014 செப்டம்பர் 24ஆம் திகதி மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது.

இதை நான் வகுப்பில் விளக்கியபோது எவரும் சிரிக்கவில்லை. "அப்ப அவங்க அதுக்கு மூளை செஞ்சு குடுத்தாங்களா?" என்று கேட்டான் முன்பு குசினியைச் சொன்ன அதே மாணவன். பெண்களை மதிக்க வேண்டும் என்ற உபதேசத்தில் ஒரு வரிகூட நான் சொல்லவில்லை. வேலையைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அந்த நாளோடு இன்னொரு படமும் தொடர்புபட்டது. பட்டுச் சேலையும் தலையில் பூவுமாகப் பெண்கள் மகிழ்ச்சியில் கட்டியணைக்கும் புகைப்படமொன்று 2014இல் உலகெங்கும் பரவியது. செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய விஞ்ஞானிகள் என்றே எல்லோரும் அதைப் பகிர்ந்தார்கள். அப்பெண்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் என்பது பின்னர் தெரியவந்தது. உண்மையான விஞ்ஞானிகள் அன்று கணினித் திரைகளுக்கு முன்னால் இருந்தார்கள். எமக்குப் படம் பிடித்துப் போய்விட்டால் வேலையை விசாரிக்க மறந்துவிடுகிறோம்.

கேத்ரின் ஜோன்சனின் கணக்கு

'ஹிடன் ஃபிகர்ஸ்' (2016) இவ்விடயத்தில் ஆசிரியர்களுக்கு மிகவும் உதவக்கூடிய படம். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் பணியாற்றிய கேத்ரின் ஜோன்சன், டொரத்தி வோன், மேரி ஜாக்சன் ஆகிய மூன்று கறுப்பினப் பெண்களின் கதை. கணினி இயந்திரம் பரவலாகாத காலத்தில் கணக்குப் போடுபவர்களையே 'கம்பியூட்டர்' என்று அழைத்தார்கள். இந்தத் தகவலே மாணவர்களைத் திகைக்க வைக்கும்.

படத்தில் மாணவர்களுக்கு அதிகம் பிடித்த காட்சி எது என்று கேட்டால், வெள்ளையர்களுக்கும் கறுப்பர்களுக்கும் தனித்தனியாக இருந்த கழிவறையின் பெயர்ப்பலகையை மேலதிகாரி இரும்பால் அடித்து உடைக்கும் காட்சி என்பார்கள். அது நடந்த சம்பவமல்ல. அந்த மேலதிகாரியே கற்பனைப் பாத்திரம். ஜோன்சன் எவர் உடைத்துத் தரும்வரையும் காத்திருக்கவில்லை. அருகிலிருந்த கழிவறையைத் தன் பாட்டில் பயன்படுத்தி வந்ததாக அவரே கூறியிருக்கிறார். நல்ல நோக்கத்தோடு எடுத்த படத்திலும் கதவைத் திறந்துவிட ஓர் ஆண் தேவைப்பட்டிருக்கிறான்!

அதே படத்தில் வரும் இன்னொரு விடயம் உண்மை. 1962 பெப்ரவரி 20ஆம் திகதி ஜோன் கிளென் பூமியைச் சுற்றிவரப் புறப்படுமுன், இயந்திரக் கணினி தந்த எண்களை ஜோன்சன் கையால் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். உயிரைப் பணயம் வைத்துப் போகிறவர் அவரது கணக்கை நம்பினார். ஜோன்சன் மூன்று பெண் பிள்ளைகளின் தாய். 2020இல் 101ஆவது வயதில் காலமானார்.

தாய் என்பதை இங்கே குறிப்பிட ஒரு காரணம் உண்டு. படம் முடிந்ததும் பெண் பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி விஞ்ஞானத்தைப் பற்றியதல்ல. "இவங்க கலியாணம் முடிச்சவங்களா டீச்சர்?" என்பார்கள். ஃபிளிக்கர் சொன்ன 'தனித்து நிற்கும் நாயகி' அவர்களைப் பயமுறுத்துகிறாள். அறிவுக்கு விலையாகக் குடும்பத்தைக் கொடுக்க வேண்டும் என்று திரை திரும்பத் திரும்பச் சொன்னால், குடும்பத்தை மதித்து வளர்ந்த எமது பிள்ளை எதைத் தெரிவுசெய்வாள்? கேள்வியை அற்பமென்று தள்ளிவிடாமல் உண்மையான பதிலைச் சொல்வது எமது கடமை.

தொழிற்களத்தில் நிலை

திரையை விட்டுக் களத்துக்கு வருவோம். உலக ஆராய்ச்சியாளர்களில் மூவரில் ஒருவர் பெண் என்கிறது யுனெஸ்கோ. பொறியியல் பட்டதாரிகளில் பெண்களின் உலக சராசரி 28 சதவீதம். ஆனால் 2021ஆம் ஆண்டின் யுனெஸ்கோ விஞ்ஞான அறிக்கையில் சில நாடுகளின் எண்களைப் பாருங்கள்: அல்ஜீரியா 48.5, துனீசியா 44.2, சிரியா 43.9, ஓமான் 43.2, மொரோக்கோ 42.2 சதவீதம். முஸ்லிம் பெண்ணுக்கும் பொறியியலுக்கும் வெகுதூரம் என்று நினைப்பவர்கள் இந்த வரிசையை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். பட்டம் பெற்ற பின் எல்லோருக்கும் தொழில் கிடைக்கிறதா என்பது வேறு பிரச்சினை. ஆனால் ஆற்றலோ மார்க்கமோ தடையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எமது நாட்டில் பல்கலைக்கழகம் செல்வோரில் பெண்களே அதிகம். மருத்துவ பீடங்களிலும் அவர்கள் முன்னணியில் இருக்கிறார்கள். பொறியியல் பீடங்களில் ஆண்கள் அதிகம். "பயோ பொம்புளப் புள்ளைகளுக்கு, மெட்ஸ் ஆம்புளப் புள்ளைகளுக்கு" என்பது எழுதப்படாத சட்டமாக ஊரில் உலவுகிறது.

கணிதத்தில் மிகத் திறமையான மாணவி ஒருத்தியின் உம்மா சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் என்னைச் சந்தித்தார். "டீச்சர், மகள் நல்லாப் படிக்குது, மாஷா அல்லாஹ். ஆனா மெட்ஸ் செஞ்சா எஞ்சினியர்தானே வரும். பொம்புளப் புள்ள வெயில்ல சைட்டுக்குப் போய் நிண்டு என்ன செய்ற?" என்றார். அந்தத் தாய்க்குப் படிப்பில் வெறுப்பில்லை. மகளைக் கம்பளைக்கோ கண்டிக்கோ அனுப்பிப் படிப்பிக்கவும் அவர் தயார். அவரிடம் இருந்தது ஒரேயொரு படம்: மஞ்சள் தலைக்கவசத்தோடு கட்டட வேலைத்தளத்தில் நிற்கும் ஆண். மென்பொருள் எழுதும் பொறியியலாளர், மின்சுற்று வடிவமைப்பவர், மருத்துவ உபகரணம் செய்பவர், காலநிலைத் தரவுகளைக் கணிப்பவர் ஆகியோரின் படம் அவரிடமும் மகளிடமும் இல்லை. அவள் இப்போது உயிரியல் படிக்கிறாள். அது அவளது விருப்பமென்றால் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் ஒரே படத்தை வைத்துக்கொண்டு தெரிவுசெய்வதைத் தெரிவு என்று சொல்ல முடியுமா?

எல்லாப் பழியையும் சினிமாவின் மீது போடுவதும் நியாயமில்லை. பல கிராமப்புற முஸ்லிம் பாடசாலைகளில் உயர்தரக் கணிதப் பிரிவே கிடையாது. இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் கிடைப்பது கஷ்டம். தூரத்துப் பாடசாலைக்குப் பெண் பிள்ளையை அனுப்பப் போக்குவரத்துப் பிரச்சினை. இவை பௌதிகத் தடைகள். மனதில் உள்ள படம் இந்தத் தடைகளை எவரும் கேள்வி கேட்காமல் பார்த்துக்கொள்கிறது. "எங்கட புள்ளைகளுக்கு மெட்ஸ் தேவல்ல" என்று ஊரே நினைத்தால், கணிதப் பிரிவு கேட்டு அதிபரிடமும் வலயத்திடமும் யார் போவார்கள்?

எமது பெருமைப் பட்டியல்

இதற்கு மாற்றாக எமது சமூகம் செய்வது ஒன்றுண்டு. இஸ்லாமிய வரலாற்றுப் பெண் விஞ்ஞானிகளின் பெயர்ப் பட்டியலைப் பகிர்வது. அதில் தவறாமல் வருபவர் 'மர்யம் அல்-அஸ்துர்லாபி'. பத்தாம் நூற்றாண்டில் அலெப்போவில் அஸ்துர்லாப் செய்தவர். சூரியன், நட்சத்திரங்களின் உயரத்தை அளந்து நேரத்தையும் திசையையும் கணிக்க உதவும் கருவி அது. அவரைப் பற்றிய மூலாதாரம் இப்னு அல்-நதீமின் 'அல்-ஃபிஹ்ரிஸ்த்'. அங்கே அவர் அல்-இஜ்லிய்யா எனக் கருவி செய்வோரின் வரிசையில் ஓரிரு சொற்களில் குறிப்பிடப்படுகிறார்: இன்னாரின் மாணவி, ஆட்சியாளர் சைஃபுத் தவ்லாவிடம் இருந்தவர். மர்யம் என்ற பெயர்கூட அந்நூலில் இல்லை. அவர் செய்த கருவி எதுவும் எமக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஒரு வரியே பெறுமதியானது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் நுட்பக் கருவி செய்யும் தொழிலைக் கற்று, அரசவையில் இடம்பெற்றார் என்பது சாதாரணமல்ல. ஆனால் அந்த வரியின் மீது நாம் கட்டியெழுப்பும் கதைகள் சினிமாவைப் போன்றவையே. பெயரும் பட்டமும் இருக்கும், வேலை இருக்காது. பிள்ளைகள் கைதட்டுவார்கள், நம்பமாட்டார்கள்.

வேலையைக் காட்டக்கூடிய பெயர்கள் எமக்கு இல்லாமலில்லை. ஈரானின் மர்யம் மிர்சாகானி 2014இல் கணிதத்தின் அதியுயர் விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்றார். 1936 முதல் வழங்கப்படும் அப்பதக்கத்தைப் பெற்ற முதற் பெண் அவர். வளைந்த மேற்பரப்புகளின் வடிவியலை ஆராய்ந்தவர். பெரிய தாள்களைத் தரையில் விரித்து, உருவங்களை வரைந்து வரைந்து யோசிப்பார். உம்மா ஓவியம் வரைகிறார் என்றே அவரது சின்ன மகள் நினைத்தாள். 2017இல் 40ஆவது வயதில் புற்றுநோயால் காலமானார். தரையில் தாள் விரித்து மண்டியிட்டிருக்கும் அந்தத் தாயின் படம், வெள்ளை மேலங்கிப் படத்தை அழிக்கப் போதுமானது.

இன்னொருவர் எமது மொழியே பேசுபவர். தமிழ்நாட்டின் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி. ஊர்ப் பாடசாலையில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியற் கல்லூரியில் பட்டம் பெற்று, 1987இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2ஆம் திகதி ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 திட்டத்தின் பணிப்பாளர் அவர். பூமியிலிருந்து சூரியன் இருக்கும் பக்கமாகச் சுமார் 15 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் ஓர் இடமுண்டு. அங்கே நிற்கும் விண்கலம் பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றிவரும். பூமியின் நிழல் படாது, இரவு வராது, சூரியனை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஏழு கருவிகளைச் சுமந்த விண்கலத்தை 2024 ஜனவரி 6ஆம் திகதி அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். இதை வாசித்துக் காட்டியபோது வகுப்பில் எழுந்த கேள்விகள் கருவிகளைப் பற்றியவை. அவரது உடையைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

சினிமாவைத் தடைசெய்வதால் பயனில்லை. பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்ப்பார்கள். பார்த்ததைப் பற்றிப் பேசுவதே வழி. நான் வகுப்பில் மூன்று கேள்விகளைப் பழக்கியிருக்கிறேன். அவள் செய்த வேலை என்ன, ஒரு வசனத்தில் சொல். அந்த வேலை இல்லாவிட்டால் கதை மாறுமா? அவளது முடிவை எடுத்தது யார்? இந்த மூன்றுக்கும் விஞ்ஞான ஆசிரியர் தேவையில்லை. தமிழ்ப் பாடத்தில் பாத்திரப் படைப்பை ஆராயும் போது கேட்கும் கேள்விகள்தான் இவை.

உள்ளூரிலும் தேடலாம். தெற்குக் கடலில் நீலத் திமிங்கிலங்களை ஆராயும் ஆஷா டி வோஸ், 2003இல் கடலில் மிதந்த அவற்றின் சிவப்பு நிறக் கழிவைக் கண்டு, இவை இங்கேயே உணவு உண்கின்றன என்று ஊகித்தவர். ஆண் பிள்ளைகள் இக்கதையைச் சிரித்துச் சிரித்துக் கேட்பார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் நீலிகா மலவிகே டெங்கு பற்றி ஆராய்பவர். டெங்கு வராத வீடு எமது ஊரில் ஏது? பள்ளிவாசல் நிர்வாகமும் பழைய மாணவர் சங்கமும் பரிசளிப்பு விழாவுக்கு அரசியல்வாதியை அழைக்கும் வருடத்தில் ஒரு தடவையாவது, ஊரிலிருந்து போய்ப் பொறியியலோ கணிதமோ கற்ற ஒரு சகோதரியை அழைக்கலாம். சாதனையைப் பேசச் சொல்லாமல், காலையில் போய் மாலைவரை என்ன வேலை செய்கிறார் என்று பேசச் சொன்னால் போதும். உம்மாமார்களை முன்வரிசையில் இருத்த வேண்டும்.

உயர்தரப் படிவத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்குமுன், அந்தப் படிவத்திலுள்ள ஒவ்வொரு பிரிவுக்கும் அவளது மனதில் ஒரு படமாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம். எந்தப் பிரிவுக்கு நேரே குறியிடுவது என்பதை அதன் பிறகு அவள் தீர்மானிக்கட்டும்.